விண்கலத்துக்கு அளவெடுத்த ஜைத்தூன் அக்கா

திருமுக்கூடல் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஊருக்குத் திரும்பப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் ஷமீம் போன் செய்தாள். ஜைத்தூன் அக்காவின் மருமகள். "ஆன்ட்டி, மாமி போய்ட்டாங்க" என்றாள். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவள் அழுவது காதில் விழுந்தது. மதியத் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். காலையில்கூட இரண்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த நேரத்தைப் பற்றிப் பொய் எழுதக் கூடாது. அந்த நிமிஷம் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகமல்ல, ஒரு கப்பலின் இறக்கை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜைத்தூன் அக்காவிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டவர்கள் உத்திரமேரூரில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பீர்கள். பஜார் தெருவில் பாத்திரக்கடை மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை, பைகளை மாட்ட ஆணிகள், அவ்வளவுதான் கடை. தீபாவளிக்கு முன்னால் அங்கே நின்று நீங்கள் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். நானும் போட்டிருக்கிறேன். "வெள்ளிக்கிழம தரேன்னீங்களே" என்றால், வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, "எந்த வெள்ளிக்கிழமன்னு சொன்னனா?" என்று கேட்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கடந்த இரண்டு வருடமாக அவர் விண்கலங்களுக்கும் துணி வெட்டினார் என்பது தெரிந்திருக்காது.

என் மகள் ஹரிணி சென்னையில் மூன்று சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறாள். நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் ஓட்டும் விளையாட்டு. கப்பல்களைச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு விடுமுறையில் வந்து புலம்பினாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. நான் செய்து பார்க்கட்டுமா என்றேன். "செய்ம்மா, செய்" என்று சிரித்துவிட்டுப் போனாள். நான் விடவில்லை. சமையல் முடிந்து பூஜை முடிந்து, வீட்டுக்காரர் வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குக் கிளம்பிய பிறகு வீடியோ பாடங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். விளையாட்டில் வரும் கப்பலின் உடம்பெல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. ஒரு கப்பலுக்கு இத்தனை முக்கோணத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. மீறினால் விளையாட்டு நின்று நின்று ஓடும். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் முக்கோணக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். மூக்குக்கு இவ்வளவு, வாலுக்கு இவ்வளவு என்று. அது என் கைக்குச் சுலபமாக வந்தது.

வராதது ஒன்றுதான். உருவம் முடிந்ததும் வண்ணம் ஏற்ற வேண்டும். அதற்குக் கப்பலின் மேல்தோலை எங்கெங்கே வெட்டுவது என்று நாம் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் அந்தத் தோலை உரித்து ஒரு சதுரத் தாளில் தட்டையாக விரித்துத் தரும். தாளில் தீட்டும் வண்ணம் கப்பலின்மேல் ஏறும். நான் வெட்டினால் அது பொரித்த அப்பளம்போல் நெளிந்து நெளிந்து விரிந்தது. வாரக்கணக்கில் அதோடு போராடினேன். கடைசியில் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி அதே கப்பலைக் காகிதத்தில் செய்து, கத்திரிக்கோலால் வெட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் காகிதக் கப்பல் ஜாக்கெட் துணி வைத்த பைக்குள்ளேயே கிடந்தது. பையோடு அக்காவிடம் போய்விட்டது.

அக்கா துணியை எடுத்து வைத்தார். பிறகு கப்பலை எடுத்தார்.

"இன்னாமா வசந்தா இது, கெண்ட மீனுக்கு இறக்க மொளச்சா மாரி கீது. இதுக்குமா ஜாக்கெட்டு?"

வெட்கப்பட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"வானத்துல போற கப்பலா? அதுக்கு இன்னாத்துக்குத் துணி?"

"துணி இல்லக்கா, மேல்தோலு. எங்க வெட்டினாலும் கோணலா விரியுது."

கப்பலைத் திருப்பினார். வயிற்றை அமுக்கினார். நான் வெட்டிய இடத்தில் விரலை வைத்தார். "முதுவுல வெட்டிக்கீற. பாக்கறவ கண்ணு மொதல்ல அங்கதான போவும்? அக்குள்ல வெட்டு."

"கப்பலுக்கு ஏதுக்கா அக்குள்?"

"இறக்க கீதே, அதுக்குக் கீய இன்னா கீது? உன் புருஷனா கீறாரு?"

காத்திருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்காமல் சாக்கட்டியை எடுத்து இறக்கைக்கு அடியில் ஒரு கோடு, வயிற்றின் நடுவே ஒரு கோடு, வாலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அதே இடங்களில் வெட்டினேன். தோல் மடிப்பில்லாமல் விரிந்தது, நன்றாகக் கஞ்சி போட்டு உலர்த்திய புடவைபோல.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மதியம் கடையைச் சாத்தியதும் எங்கள் வீட்டுக்கு வருவது பழக்கமாகிவிட்டது. நான் சாயங்கால விளக்கு ஏற்றும்வரை இருப்பார். மௌஸை ஒரு நாளும் தொடவில்லை. "இந்தப் பொட்டிய நீ மேய்ச்சிக்கோ. நான் வாயால தெச்சிக்கினு கீறேன்" என்பார். தோலை உரித்த பிறகு அது இழுபட்டிருக்கிறதா என்று பார்க்க, கப்பலின்மேல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போர்த்திக் காட்டும் வசதி ஒன்று உண்டு. அதை முதன்முதலாகப் பார்த்தபோது அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்தப் பொட்டிய செஞ்சவனுக்குத் தொழிலு தெரிஞ்சிகீது. கட்டம் போட்ட துணி குடுத்தாதாம்மா டெய்லரு ஒஸ்தியா சொத்தையான்னு தெரியும். கட்டத்துக்குக் கட்டம் சேரணும்." சேராத இடத்தை அவர் கண் என் கண்ணுக்கு முன்னால் கண்டுபிடிக்கும். "மூக்காண்ட இயுக்குது பாரு" என்பார். போய்ப் பார்த்தால் கட்டம் சப்பாத்திபோல் நீண்டிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நோன்பு மாதத்தில் வந்தது. அன்று எனக்கு ஏகாதசி. இருவரும் வெறும் வயிறு. அவருக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அதனால் நானும் அவர் எதிரே குடிக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் இருவருக்கும் கண் மங்கி, ஒரே வாலை இரண்டு தடவை வெட்டியிருந்தோம். "போதும்மா. ரெண்டு பட்டினிக்காரிங்க சேந்துக்கினு வானத்துக்குக் கப்பல் வுடறோம், உள்ள ஒக்காந்துகினு போறவன் கெதி இன்னா ஆவறது?" என்று சொல்லி எழுந்தார். தொழுகை நேரம் வந்ததால் பூஜை அறைக்குப் பக்கத்து அறையில் பாயை விரித்துக் கொடுத்தேன். அவர் தொழுது முடிக்கும்வரை நானும் கண்ணை மூடி நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் செய்ததை எல்லாம் மறுநாள் அழித்துத் திரும்பச் செய்தோம். ஆனாலும் இந்த இரண்டு வருடத்தில் மனசுக்கு நிறைவான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதல் கப்பலை ஹரிணிக்கு அனுப்பியபோது எனக்கு ஒரு பெருமை இருந்தது. உரித்த தோல் துண்டுகளைச் சதுரத் தாளில் ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கி அடுக்கியிருந்தேன். துளி இடத்தை வீணாக்கவில்லை. இரண்டாம் நாள் ஹரிணி போன் செய்தாள். "அம்மா, கிட்ட பாத்தா சூப்பரா இருக்கு. கப்பல் தூரமா போனா ஒடம்பெல்லாம் கருப்புக் கோடு தெரியுது. ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு." எத்தனை முறை வண்ணத்தை மாற்றினாலும் கோடு போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்காவிடம் தாளைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

"தையலுக்கு வுடாம வெட்டிக்கீறியே."

"இது துணி இல்லக்கா. தைக்கவே போறதில்ல."

"தெக்கலன்னா கோடு எங்கருந்து வந்திச்சி?"

திரையில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே விரலை வைத்தார்.

"துண்டுக்குத் துண்டு அர வெரல் வுடு. வெளிய தெரியாத எடத்துக்கும் கலர் அடி."

"அவ்வளவு எடம் வீணாப் போவுமேக்கா."

"உன்ன மாரி கணக்குப் பாக்கறவ ஜாக்கெட்டுதாம்மா மொத தடவ தோய்க்கும்போதே கியியும்."

அரை விரல் விட்டேன். கோடு மறைந்தது. தூரத்தில் போகும்போது கம்ப்யூட்டர் அந்தத் தாளைச் சுருக்கிப் பார்க்கிறது, அப்போது பக்கத்து நிறம் ஓரத்தில் கலந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொரு துண்டும் தன் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் நிறம் வைத்திருக்க வேண்டும் என்று பிறகு ஒரு பாடத்தில் கேட்டேன். அக்காவிடம் சொன்னபோது, "அதத்தான நான் சொன்னேன்" என்றார். அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஆறு கப்பல்கள் முடிந்தன. பொங்கலுக்கு வந்த ஹரிணி அவற்றை டிவியில் போட்டுக் காட்டினாள். அக்கா தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹரிணி கப்பலைக் கிட்டே கொண்டுவந்து சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

"கிட்ட காட்டாத பாப்பா. தூரமா ஓட்டு."

ஓட்டினாள்.

"இன்னும்."

"ஆன்ட்டி, இதுக்கு மேல போனா தெரியவே தெரியாது."

"தெரியாம போறவரைக்கும் ஓட்டு. கோடு வருதான்னு பாக்கணும்."

கப்பல் ஒரு புள்ளியாகி, புள்ளியும் போயிற்று. கோடு வரவில்லை. அக்கா டீயை எடுத்துக் குடித்தார். விளையாட்டு முடியும் இடத்தில் செய்தவர்கள் பெயரெல்லாம் வரும், உங்களுக்கு என்ன போடட்டும் என்று ஹரிணி கேட்டாள். "பேரு இன்னாத்துக்கு?" என்றவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டெய்லர்னு போடு. வேற இன்னா நானு?" என்றார். அப்படியே அவள் எழுதிக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று, "கரெக்டா போட்டாளா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

மீதியிருந்தது ஏழாவது கப்பல். எல்லாவற்றிலும் பெரியது, அகன்ற இறக்கைகள் கொண்டது. ஆனால் தாளின் அளவு மட்டும் எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான். எப்படி அடுக்கினாலும் இரண்டு துண்டுகள் வெளியே நின்றன. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பெரிய கப்பலை ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று ஹரிணியின் சிநேகிதர்கள் சொன்னார்கள். அது மற்ற ஆறோடு ஒட்டாது. அதனால் ஏழு கப்பலையுமே ரெடிமேடாக வாங்க வேண்டியிருக்கும். அப்படி ஆனால் எங்கள் கப்பல்கள் போய்விடும், டெய்லர் என்ற அந்த வரியும் போய்விடும். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயரைப் பற்றிப் பேசவில்லை. "ஏயும் ஒரே கை தெச்சதா நிக்கணும். கல்யாணத்துல அக்கா தங்கச்சிங்க நிக்கறா மாரி" என்றார்.

புதன்கிழமை, பெரிய காகிதக் கப்பலையும் ஒரு பழுப்பு நிற ஜாக்கெட் துணியையும் கடையில் கொடுத்தேன்.

"வெள்ளிக்கிழம தரேன்."

"எந்த வெள்ளிக்கிழமன்னு சொல்லிடுங்க."

சத்தமாகச் சிரித்தார். "இந்த வெள்ளிக்கிழமதாமா, போ."

வியாழக்கிழமை ஷமீமின் போன் வந்தது.

பேருந்தை விட்டு இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையிலும் போனேன். முகத்தைப் பார்க்க விட்டார்கள். தூக்கத்தில் ஏதோ அளவை நினைத்துக்கொண்டிருப்பவர்போல் புருவத்தில் ஒரு சின்னச் சுளிப்பு. வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தார்கள். அதில் தையல் போடுவதில்லை என்று அங்கிருந்த ஒரு பெண் எனக்குச் சொன்னார். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அக்காவின் தங்கை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "ஊருக்கே தெச்சா. இவளுக்கு மட்டும் ஒரு தையல் கெடையாது" என்றார். அது வெள்ளிக்கிழமை.

ஒரு வாரம் கழித்து ஷமீம் ஆணிகளில் தொங்கிய பைகளை எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உங்களில் பலருக்கும் கொடுத்திருப்பாள். என் பையில் வெட்டி வைத்த பழுப்பு ஜாக்கெட் துணியும், கோடு கோடாக வெட்டிய காகிதக் கப்பலும் இருந்தன. மூக்கு, வயிறு, முதுகு, வால், ஒரு இறக்கை. இன்னொன்று கடையிலேயே எங்கோ தவறியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது இறக்கையை நானே வெட்டி, எல்லாவற்றையும் தாளில் அடுக்கினேன். பழையபடி இரண்டு துண்டுகள் வெளியே நின்றன.

எனக்குக் கணக்கு தெரியும். போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டையும் சுற்றி விட்ட அரை விரலை எடுத்துவிட்டால் எல்லாம் கச்சிதமாக உள்ளே வந்துவிடும். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. தூரத்தில் ஒரு கோடு தெரிந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். கை மௌஸின் மேல் இருந்தது. அவர் உட்காரும் நாற்காலி பக்கத்தில் இருந்தது. எழுந்துவிட்டேன்.

வேறு வேலை செய்யலாம் என்று பழுப்பு ஜாக்கெட்டை எடுத்தேன். வேறு யாரிடமாவது தைக்கக் கொடுக்கத் துண்டுகளை எண்ணி வைக்க வேண்டும். முன் பக்கம் இரண்டு, முதுகு, பட்டி. கைகள் மட்டும் ஒன்றாக இருந்தன. துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு கையும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் குண்டூசி குத்தியிருந்தார். எல்லா டெய்லரும் செய்வதுதான். நான் காகித இறக்கையைத் தேடிப் போனேன். கையில் எடுத்தபோது கனமாக இருந்தது. அதுவும் இரண்டு. இடது இறக்கையைத் திருப்பி வலது இறக்கையின் மேல் படுக்க வைத்து, ஓரத்தில் ஒரு குண்டூசி. மேலே உள்ளதில் மட்டும் சாக்கட்டிக் கோடு. சுற்றிலும் அரை விரல் விட்டிருந்தது.

கம்ப்யூட்டர் தாளிலும் இரண்டு இறக்கைகளையும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தேன். ஒரு தடவை தீட்டிய வண்ணம் இரண்டுக்கும் ஏறியது. இறக்கையில் எழுத வேண்டிய எண் ஒரு பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி வந்தது. அதை எடுத்துக் கப்பலின் முதுகில் எழுதினேன். வெளியே நின்ற துண்டுகள் உள்ளே வந்தன. எந்தத் துண்டின் அரை விரலையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்கால விளக்கை ஏற்றிவிட்டு வந்து கப்பலை அனுப்பினேன்.

மறுநாள் ஹரிணி கூப்பிட்டாள். "அம்மா, தூரமா ஓட்டிப் பாத்துட்டேன்."

"எவ்ளோ தூரம்?"

"தெரியாம போறவரைக்கும்."

ஏழு கப்பலும் இருக்கின்றன. பெயர்கள் வரும் இடத்தில் அக்காவின் வரியும் இருக்கிறது: டெய்லர், ஜைத்தூன். அதைப் படம் பிடித்து ஷமீமுக்கு அனுப்பினேன். கடை இருந்த மாடிப்படிக்குக் கீழே ஷமீமே மெஷின் போடப்போகிறாளாம். பழுப்பு ஜாக்கெட்டை அவளிடமே திரும்பக் கொடுத்துவிட்டேன். அவளும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் பீரோவில் அக்கா தைத்த ஜாக்கெட் இருந்தால் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் மூன்று தையல் ஓடும். அதற்கும் அப்பால் அரை விரல் துணி இருக்கும். நாம் கேட்காமலே, நாளைக்கு நாம் எப்படி இருப்போம் என்று நினைத்து விட்ட துணி. நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அதுதான். இப்போது செய்யும் எட்டாவது கப்பலுக்கும் விட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது என் பழைய பச்சை ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தது. முதல் தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்த துணி வெயிலும் சோப்பும் படாமல், கடையில் வாங்கிய அன்றைய பச்சையாகவே இருந்தது. போட்டுக்கொண்டு போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தேன். இன்னும் ஒரு முறை பிரிக்க இடம் இருக்கிறது.